எல்லைக்கோடும் எண்ணிக்கையும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் பெருஞ்சாலையில் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை என்று ஊர்கள் வரிசையாக வருகின்றன. பாறசாலையைக் கடந்தால் இஞ்சிவிளை. அதனை அடுத்துக் களியக்காவிளை. இவ்விரண்டிற்கும் இடையே கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. இச்சாலையை விட்டுக் கடற்பக்கமாகச் சென்றால், விழிஞ்ஞத்திற்கும் பூவாற்றிற்கும் இடைப்பட்ட பகுதியில் கோட்டுகால் என்னும் கிராமம் இருக்கிறது. நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த ஊர். பம்பாயிலும் டில்லியிலும் பெங்களூரிலும் கல்கத்தாவிலும் வாழும் நேயர்களிற் பலர் இதன் பெயரையும் கேட்டிருக்கமாட்டார்கள். ஆயினும் இவ்வூரும் இதனைச் சூழ்ந்த ஊர்களும் எந்த மாநிலத்தில் இருக்கவேண்டும் என்னும் கேள்வி ஒரு காலத்தில் டில்லி வரை சென்றது. அக்கேள்விக்கு விடை கூறியதில் பெரும்பங்கு ஓர் அட்டவணைக்கு உண்டு.

எண்களைக் கொண்டு கதை சொல்லும் கலை இன்று பெரிதும் வளர்ந்துவிட்டது. கணிப்பொறியிலோ கைப்பேசியிலோ இணைய உலாவியைத் திறந்தால் போதும். நாடு முழுவதும் நிறம்நிறமாக விரிகிறது. விரலால் தொட்டால் மாவட்டம் பெரிதாகிறது. மேலும் தொட்டால் வட்டம். மேலும் தொட்டால் கிராமம். காலக்கோட்டின்மேல் விரலை நகர்த்தினால் ஐம்பது ஆண்டுகள் கண்முன் ஓடுகின்றன. பார்ப்பவர் வெளியே நின்று படிக்கும் வாசகராக இராமல், உள்ளே புகுந்து தாமே கேள்வி கேட்பவராக ஆகிறார். இந்தப் புதிய கலை தென்திருவிதாங்கூரின் எல்லைக் கதையை எவ்வளவு தூரம் சொல்லவல்லது, எந்த இடத்தில் வாயடைத்து நின்றுவிடுகிறது என்பதை இன்று நாம் ஆராயலாம்.

எண்ணி எழுதிவைக்கும் வழக்கம் இம்மண்ணுக்குப் புதிதன்று. முன்சிறைக்கு அருகிலுள்ள பார்த்திபசேகரபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் கோயிலும் சாலையும் அமைத்து, அதற்கான ஏற்பாடுகளை வட்டெழுத்தில் தமிழிற் செப்பேடாக வெட்டுவித்தான். ஹஜூர் கச்சேரிச் செப்பேடு என்று ஆராய்ச்சியாளர் வழங்கும் அந்தச் சாசனத்தின் காலம் கி.பி. 866. சாலையிற் பயிலும் சட்டர் தொண்ணூற்றைவர். அவர்களில் இன்ன வேதப்பிரிவினர் 36, இன்ன பிரிவினர் 36, மற்றொரு பிரிவினர் 23 என்று அது பகுத்துக் கூறுகிறது. கூட்டிப்பார்த்தால் 95 சரியாக வருகிறது. அச்செப்பேடு அந்நாளில் ஓர் அட்டவணை. அதற்கு வேண்டிய கோடுகள் மட்டும் இல்லை.

நிலத்தின் எல்லையைக் காட்டும் முறையும் அந்நாளில் விந்தையானது. சோழர் செப்பேடுகளிற் கொடைநிலத்திற்கு எல்லை வகுக்கும்போது ஒரு பெண்யானையை அந்நிலத்தைச் சுற்றி நடத்தி, ஊரார் பின்தொடர, அது நடந்த வழியிற் கல்லும் கள்ளியும் நாட்டினர் என்று படிக்கிறோம். ‘பிடி சூழ்தல்’ என்பது அதன் பெயர். ஊரார் தம் காலால் நடந்து கண்ட எல்லை ஆதலால் மறந்துபோக வழியில்லை. பின்னர் வந்த எல்லைகள் பெரும்பாலும் காகிதத்திற் பிறந்தவை. அவற்றை வகுத்தவர்கள் அங்கே நடந்ததில்லை.

நடந்து அளந்தவர் என்று சொல்லவேண்டுமானால் வார்டு, கானர் என்னும் இரு படைத்துறை அதிகாரிகளைச் சொல்லலாம். 1816 முதல் 1820 வரை அவர்கள் திருவிதாங்கூர், கொச்சி இராச்சியங்கள் முழுவதையும் சுற்றி அளந்து, காடு, ஆறு, வயல், சந்தை, குடி எல்லாவற்றையும் குறித்து வைத்தார்கள். திருவிதாங்கூரின் மக்கட்தொகை 9,06,587 என்பது அவர்கள் காலத்துக் கணக்கு. 1836-இல் எடுத்த எண்ணிக்கை 12,80,668, 1854-இல் 12,62,647. அதன்பின் 1875 மே மாதம் 18-ஆம் நாள் சமஸ்தானம் முழுவதும் முறைப்படி குடிமதிப்பு நடந்தது. அதன் பொறுப்பை ஏற்று அறிக்கை எழுதியவர் வி. நாகமையா. பிற்காலத்தில் திருவிதாங்கூர் வரலாற்றுக் கையேட்டை எழுதிப் புகழ்பெற்றவரும் அவரே. அப்போது கிடைத்த தொகை 23,11,379.

இவ்வெண்களை வரைகோடாக இழுத்தால் என்ன தோன்றும்? 1836-க்கும் 1854-க்கும் இடையே நாட்டிற் பெருங்கேடு ஏதோ நேர்ந்து மக்கள் குறைந்தார்கள் என்றும், அடுத்த இருபத்தோராண்டில் நூற்றுக்கு எண்பத்துமூன்று பங்கு பெருகினார்கள் என்றும் அல்லவா தோன்றும்? அவ்வளவு விரைவாக எந்த நாட்டிலும் மக்கள் பெருகுவதில்லை. பெருகியதிற் பெரும்பகுதி எண்ணும் திறமைதான். பழைய கணக்குகள் வரித்துறை ஊழியர்கள் தமக்குத் தெரிந்தவாறு திரட்டியவை; விடுபட்ட வீடுகள் பல. 1875-க்குப் பின் வந்த எண்களையோ நம்பி ஒப்பிடலாம்: 1901-இல் 29,52,157, 1931-இல் 50,95,973, 1941-இல் 60,70,018. திரையில் ஓடும் அழகிய கோடு இந்த வேறுபாட்டை நமக்குச் சொல்லாது. கோடு எல்லாப் புள்ளிகளையும் ஒரே மரியாதையோடு தொட்டுச் செல்கிறது.

இவ்விடத்தில் ஓர் அறிஞரை நினைவுகூராமற் செல்ல மனம் வரவில்லை. சுவாதித் திருநாள் மகாராசா 1837-இல் திருவனந்தபுரத்தில் நிறுவிய வானிலையத்திற்கு 1852-இல் தலைவராக வந்தவர் ஜான் ஆலன் பிரவுன் என்னும் ஸ்காத்லாந்து நாட்டவர். நெய்யாறு தோன்றும் அகத்தியமலையின் உச்சியிலே, ஆறாயிரம் அடிக்குமேல், 1855-இல் அவர் ஒரு நிலையத்தைக் கட்டி, காந்த ஊசியின் அசைவை மலைமேலும் சமவெளியிலும் ஒரே வேளையில் அளந்து ஒப்பிட்டார். மழையும் அட்டையும் காட்டு விலங்கும் மிகுந்த அம்மலையில் இரவும் பகலும் தவறாது எண்களைக் குறித்தவர்கள் அவரிடம் பயிற்சி பெற்ற உள்ளூர் உதவியாளர்கள். அவ்வெண்கள் 1874-இல் நூலாக வெளிவந்தன. நாம் ஒரு நொடியிற் பார்த்துவிட்டுத் தள்ளிவிடும் ஒரு வளைகோட்டின் பின்னே, மலையேறிச் சுமந்த தோள்கள் எத்தனையோ இருக்கின்றன.

எண்ணைப் படமாக்கும் கலை மேனாட்டில் வளர்ந்த வரலாற்றை விரிக்க இங்கே இடமில்லை. 1786-இல் வில்லியம் பிளேபேர் ஏற்றுமதி இறக்குமதிகளைக் கோடுகளாக வரைந்து காட்டினார். 1869-இல் சார்லசு மினார்டு, 1812-இல் நெப்போலியனின் படை உருசியாவிற்குள் 4,22,000 பேராகப் புகுந்து பத்தாயிரம் பேராகத் திரும்பிய கொடுமையை, மெலிந்து மெலிந்து நூலாகிப்போகும் ஒரு பட்டையாகவே வரைந்துவிட்டார். நம் பொருளுக்கு மிகவும் வேண்டியவர்கள் வேறு இருவர். ஒருவர் பிரெஞ்சுக்காரர் சார்லசு துப்பேன். 1826-இல் அவர் பிரான்சின் மாவட்டங்களைக் கல்வி மிகுதிக்கும் குறைவுக்கும் ஏற்ப வெளிறியும் கறுத்தும் நிறந்தீட்டினார். இன்று உலாவியில் நாம் காணும் நிறப்படங்களெல்லாம் அதன் வழித்தோன்றல்கள். மற்றவர் லண்டன் மருத்துவர் ஜான் சுனோ. 1854-இல் காலரா பரவியபோது, இறந்தவர் ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டு வாசலில் ஒரு குறியாக இட்டுக் காட்டினார். குறிகள் பிராடு தெருவின் தண்ணீர்க்குழாயைச் சூழ்ந்து நின்றன. ஒரு பரப்பு முழுவதையும் ஒரே நிறத்தில் தோய்ப்பது துப்பேன் வழி. ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு புள்ளி வைப்பது சுனோ வழி. நெய்யாற்றின்கரையின் கதை இவ்விரு வழிகளுக்கும் உள்ள வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

அக்கதைக்கு வருவோம். பழைய வேணாட்டு மன்னர்களின் தலைநகரம் நெடுங்காலம் பத்மநாபபுரமாக இருந்தது; பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் அரசிருக்கை திருவனந்தபுரத்திற்கு மாறிற்று. தமிழும் மலையாளமும் ஒரே அரசின்கீழ், ஒரே சந்தையில், பல வீடுகளில் ஒரே அடுப்பங்கரையிலும் புழங்கின. பாலராமவர்ம மகாராசா காலத்தில் திவான் உம்மிணித்தம்பி பாலராமபுரத்தை அமைத்தபோது தமிழ்நாட்டுச் சாலியர் குடும்பங்களை வரவழைத்துக் குடியேற்றினார். அவர்கள் வழிவந்த நெசவே இன்றும் அவ்வூருக்குப் பெயர் தேடித்தருகிறது. இத்தகைய நாட்டில் தமிழ் எங்கே முடிகிறது, மலையாளம் எங்கே தொடங்குகிறது என்று எவரேனும் கேட்டிருந்தால் ஊரார் சிரித்திருப்பார்கள்.

சிரிப்பு நின்ற காலம் விரைவில் வந்தது. நாடு விடுதலை பெற்று, மொழிவழி மாநிலங்கள் என்ற கோரிக்கை எழுந்தபோது, திருவிதாங்கூர்த் தமிழ்நாட்டுக் காங்கிரசு என்னும் இயக்கம் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகிய ஒன்பது வட்டங்களைத் தமிழ்நாட்டுடன் சேர்க்கவேண்டும் என்று போராடியது. அதன் முன்னணித் தலைவர் வழக்கறிஞர் ஏ. நேசமணி. 1954-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவ்வியக்கம் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டசபையிற் பன்னிரண்டு இடங்களைப் பெற்றது. அவ்வாண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர், உயிர்கள் மாண்டன. எல்லை என்பது வெறும் நிருவாக வசதி பற்றிய பேச்சன்று என்பதை அந்நாள் எல்லாருக்கும் உணர்த்திற்று.

இதற்கிடையில், 1953 டிசம்பரில் மத்திய அரசு பசல் அலி, இருதயநாத் குன்சுரு, சர்தார் பணிக்கர் ஆகிய மூவரைக்கொண்ட மாநிலச் சீரமைப்பு ஆணையத்தை அமைத்திருந்தது. அவர்கள் முன்னே வந்த மனுக்களில் உணர்ச்சி மிகுந்திருந்தது, வரலாறு மிகுந்திருந்தது. ஆனால் ஒரு தரப்பார் சொன்ன வரலாற்றை மறுதரப்பார் மறுத்தார்கள். எண்களுக்கோ அரசாங்க முத்திரை இருந்தது. ஆகவே 1951-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின் தாய்மொழிப் பத்தி, வழக்கிற் பெரும் சாட்சியாகி நின்றது. மாநிலம் ஒன்றை ஒருமொழி மாநிலம் என்று கொள்ள நூற்றுக்கு எழுபது பேராவது அம்மொழியினராக இருக்கவேண்டும் என்பது ஆணையம் பொதுவாக வகுத்த ஓர் அளவுகோல். 1955 செப்டம்பர் 30-இல் அளித்த அறிக்கையில் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தென்வட்டங்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்திற்குச் செல்லவேண்டும் என்று அவர்கள் கூறினார்கள். நாஞ்சில்நாடு கேரளத்தின் நெற்களஞ்சியம், அதனைப் பிரிக்கலாகாது என்ற வாதம் நிற்கவில்லை.

ஆனால் அதே அறிக்கை தேவிகுளத்தை வேறுவகையாகப் பார்த்தது. அங்கும் தமிழரே பெரும்பான்மையினர். அட்டவணை அதனை ஐயமறக் காட்டியது. ஆயினும் அவர்களிற் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்தவர்கள், நிலையாகத் தங்காதவர்கள் என்ற காரணத்தால் அவ்வெண்ணிக்கைக்கு முழு மதிப்புத் தரப்படவில்லை. வெளிமாநிலங்களில் வாழும் நேயர்கள் இதனைச் சற்று நின்று எண்ணிப்பார்க்கவேண்டும். ஓரிடத்தில் தமிழர் எத்தனைபேர் என்பது தீர்ப்பாகிறது. மற்றோரிடத்தில் அவர்கள் எப்போது வந்தார்கள் என்பது தீர்ப்பாகிறது. எண் ஒன்றே, அதனைப் படிக்கும் கண் இரண்டாகிவிட்டது. ஒரு தலைமுறை முழுவதும் கொழுந்து கிள்ளியவனை வந்துபோகிறவன் என்று கூறலாமா என்னும் கேள்விக்கு எந்தப் பத்தியிலும் இடமில்லை.

நெய்யாற்றின்கரையின் நிலை மூன்றாவது வகை. வட்டம் முழுவதையும் சேர்த்து எண்ணினால் மலையாளம் பேசுவோரே பெரும்பான்மையினர். ஆகவே வட்டம் முழுவதும் கேரளத்தில் நின்றது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் புதிய மாநிலங்கள் பிறந்தபோது எல்லைக்கோடு பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே விழுந்தது. செங்கோட்டை வட்டம் மட்டும் இரண்டாகப் பிளக்கப்பட்டு, மேற்கிலுள்ள காட்டுப்பகுதி கேரளத்திலேயே தங்கிற்று. வட்டத்தைப் பிளக்கமுடியாது என்பது இயற்கை விதியன்று என்பதற்கு அதுவே சான்று.

வட்டத்தை அலகாகக் கொள்வதனால் நேர்வது என்ன என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஒரு வட்டத்தில் நூறு கிராமங்கள். எல்லாம் ஒரே அளவு மக்கள் உடையவை. தெற்கு ஓரத்தில் இருபது கிராமங்களில் நூற்றுக்கு எண்பது பேர் தமிழர். மற்ற எண்பது கிராமங்களில் நூற்றுக்கு இரண்டு பேரே தமிழர். வட்டம் முழுவதற்கும் சராசரி எடுத்தால் நூற்றுக்குப் பதினேழோ பதினெட்டோ வரும். அட்டவணையில் அந்த வட்டம் சிறுபான்மைத் தமிழர் சிதறி வாழும் வட்டம் ஆகிவிடும். தமிழ்ப் பெரும்பான்மைக் கிராமங்கள் இருபதும் படத்திலிருந்து மறைந்துபோகும். ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஒரு கணக்கும் தவறவில்லை. கோடு கீறிய இடம் அவ்வாறு செய்துவிட்டது. இதே சராசரி எதிர்ப்பக்கத்திலும் வேலை செய்யும் என்பதையும் நடுநிலையோடு சொல்லவேண்டும். விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் வாழ்ந்த மலையாளிகள், தமிழ்ப் பெரும்பான்மை என்ற ஒரே நிறத்துக்குள் மூழ்கிப்போனார்கள்.

வடக்கெல்லையில் வேறொரு முறை கையாளப்பட்டது. ஆந்திரத்திற்கும் சென்னைக்கும் இடையே எழுந்த வழக்கில் நடுவராக அமர்ந்த பட்டாஸ்கர், கிராமத்தை அலகாகக் கொண்டார். மொழிப் பெரும்பான்மை, நிலத் தொடர்ச்சி ஆகியவற்றைக் கிராமம் கிராமமாகப் பார்த்தார். அவர் தீர்ப்பின்படி 1959-இற் சட்டம் இயற்றப்பட்டு, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்திற்கு வந்தது. திருத்தணிக்குக் கிராமம், நெய்யாற்றின்கரைக்கு வட்டம். அளவுகோல் மாறியிருந்தால் பாறசாலைப் பக்கத்து எல்லை எவ்வாறு வளைந்திருக்கும் என்பது வரலாறு விடைசொல்லாத கேள்வி. கோட்டுகாலைப் போன்று கடற்பக்கமாகத் தள்ளி நிற்கும் ஊர்களுக்கு, நிலத் தொடர்ச்சி என்னும் விதியே தடையாக இருந்திருக்கவும் கூடும்.

இங்கேதான் இன்றைய உலாவிப் படத்தின் ஆற்றல் விளங்குகிறது. 1993-இலேயே அமெரிக்காவில் ஸீராக்ஸ் நிறுவன ஆய்வகத்தார், பார்ப்பவர் கேட்கும் பகுதியை வரைந்து தரும் உலகப்படத்தை இணையத்தில் வைத்தார்கள். 2005-இற் கூகுள் நிறுவனம் படத்தைச் சிறுசிறு சதுர ஓடுகளாக நறுக்கி, வேண்டிய ஓட்டை மட்டும் அனுப்பும் முறையைப் பரவலாக்கியது. சுவீடன் நாட்டு மருத்துவப் பேராசிரியர் ஆன்சு ரோசுலிங், நாடுகளைக் குமிழிகளாக்கி, நூற்றாண்டுகளின் ஊடே அவற்றை மிதக்கவிட்டுப் பேசிய பேச்சு 2006-இல் உலகெங்கும் பரவியது. 2009-இல் நம் விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் ‘புவன்’ என்னும் படத்தளத்தைத் தொடங்கிற்று. 2011-இல் மைக் பாசுடாக்கும் அவருடைய ஆசிரியரும் தோழரும் சுடான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆக்கிய ‘டி3’ என்னும் மென்பொருள் தொகுதி, எந்த எண்ணையும் எந்த உருவத்தோடும் பிணைக்கும் கருவியைப் பத்திரிகை அலுவலகங்களுக்கும் பள்ளி மாணவர்க்கும் ஒருங்கே கொடுத்தது.

இக்கருவிகளைக்கொண்டு தென்திருவிதாங்கூரின் படம் ஒன்று அமைந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! மேலே ஒரு சிறு நகர்த்துகோல். அதனை எழுபதில் வைத்தால் ஓர் எல்லை, ஐம்பதிற்கு இறக்கினால் வேறோர் எல்லை. பக்கத்தில் இரண்டு பொத்தான்கள்: வட்டம், கிராமம். ஒன்றை அழுத்தினால் துப்பேன் தீட்டிய பரந்த நிறம். மற்றொன்றை அழுத்தினால் சுனோ வைத்த புள்ளிகள். 1955-இல் மூன்று பெரியவர்கள் மாதக்கணக்கில் ஆராய்ந்து எடுத்த முடிவின் உள்ளே புகுந்து, இந்த அளவுகோலைச் சற்றே மாற்றினால் என்ன ஆகும் என்று ஒரு பள்ளிச் சிறுவன் அரைநொடியிற் கண்டுகொள்ளலாம்.

ஆனால் நேயர்களே, அந்தக் கிராமப் பொத்தானை அழுத்தியதும் ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பு, கோட்டுகாலில் எத்தனை வீடுகள், எத்தனை ஆண்கள், எத்தனை பெண்கள், எழுத்தறிந்தோர் எத்தனைபேர் என்பதையெல்லாம் கிராம அளவிலே வெளியிட்டிருக்கிறது. தாய்மொழியை மட்டும் மாநிலம், மாவட்டம், வட்டம், நகரம் என்னும் அளவோடு நிறுத்திக்கொள்கிறது. ஆகவே எவ்வளவு திறமையாக அமைத்த படமாயினும், மொழி என்று வரும்போது கோட்டுகாலின்மேல் நெய்யாற்றின்கரையின் நிறத்தைத்தான் பூசமுடியும். கிராமத்தின் எல்லைக்கோடு திரையிலே துல்லியமாகத் தெரியும்; கடற்கரையும் வாய்க்காலும் கோயிற்குளமும் வான்படத்தில் விளங்கும்; உள்ளே வாழ்பவர் பேசும் மொழியோ வட்டத்தின் சராசரிதான். எவ்வளவு கிட்டச் சென்றாலும் அறிவு கிட்டவில்லை. படம் தெளிவாக இருப்பதனாலேயே பார்ப்பவர் அறிவும் தெளிவாகிவிட்டதென்று மயங்க இடமுண்டு. மங்கலான பழைய அட்டவணை இந்த மயக்கத்தைத் தந்ததில்லை.

இன்னொன்றும் உண்டு. வட்டம் என்னும் பாத்திரமே மாறிக்கொண்டிருக்கிறது. 2014-இல் காட்டாக்கடை என்னும் புதிய வட்டம் நெய்யாற்றின்கரையின் கிழக்குப் பகுதியை எடுத்துக்கொண்டு பிறந்தது. 2021-இல் நடந்திருக்கவேண்டிய குடிமதிப்புத் தள்ளிப்போயிற்று. 2027 மார்ச்சு 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு அது நடைபெறும் என்று 2025-இல் அறிவிக்கப்பட்டது. அக்கணக்கு வெளிவந்ததும் யாரேனும் காலக்கோட்டை 2011-லிருந்து 2027-க்கு நகர்த்தி, நெய்யாற்றின்கரையில் தமிழரின் பங்கு கூடிற்று அல்லது குறைந்தது என்று கூறினால், மாறியது மக்களா, வட்டமா என்று முதலிற் கேட்கவேண்டும்.

தாய்மொழிப் பத்தியிலும் ஒரு நெருக்கடி இருக்கிறது. அதில் ஒரே பெயரைத்தான் எழுதலாம். வீட்டிலே தாயோடு தமிழும், பள்ளியில் மலையாளமும், சந்தையில் இரண்டும் பேசும் ஒருவர் எதனைச் சொல்வார்? அறிந்த பிற மொழிகள் இரண்டனைக் குறிக்கவும் கணக்கில் இடம் உண்டு. ஆனால் நிறப்படம் வரைபவர்கள் அவற்றை எடுத்துக்கொள்வது அரிது. ஒருவருக்கு ஒரு நிறம் என்பதே அவர்களுக்கு எளிது. 1951-இல் பஞ்சாபில் இந்தி, பஞ்சாபி என்னும் இரு மொழிகளின் பெயரால் எழுந்த பூசல் காரணமாக அவ்விரண்டையும் பிரித்துக் காட்டாமலே அட்டவணை வெளியிட நேர்ந்தது. மக்கள் தாம் பேசும் மொழியை மட்டுமன்றித் தாம் விரும்பும் எல்லையையும் அந்தப் பத்தியிலே சொல்லிவிடுகிறார்கள்.

இவையெல்லாம் எல்லையோரத்தார் கவலை, நமக்கென்ன என்று வெளிமாநிலத் தமிழர் இருந்துவிட முடியாது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி கருநாடகத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் இருபத்தொரு லட்சத்துக்கு மேல். மகாராட்டிரத்தில் ஏறத்தாழ ஐந்து லட்சம். கேரளத்திலும் ஏறத்தாழ ஐந்து லட்சம், அதாவது அம்மாநில மக்களில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு. மாநில நிறப்படத்தில் இந்த ஒன்றரை கண்ணுக்கே தெரியாது. ஆனால் சட்டம் வேறு அளவுகளைக் கையாளுகிறது. ஒரு பள்ளியில் நாற்பது பிள்ளைகளோ ஒரு வகுப்பிற் பத்துப் பிள்ளைகளோ இருந்தால் தாய்மொழியில் தொடக்கக்கல்வி தரவேண்டும் என்று 1949-இற் கல்வி அமைச்சர்கள் கூடி முடிவு செய்தார்கள். 1956-இல் அரசியல் சட்டத்தில் 350-அ என்னும் பிரிவு சேர்ந்து, அக்கல்விக்கு மாநிலங்கள் வசதி செய்யவேண்டும் என்றது. ஒரு மாவட்டத்திலோ நகராட்சியிலோ நூற்றுக்குப் பதினைந்து இருபது பேர் சிறுபான்மை மொழியினராக இருந்தால் முக்கிய அரசு அறிவிப்புக்களை அம்மொழியிலும் வெளியிடவேண்டும் என்பது சீரமைப்புக் காலத்தில் எழுந்த நெறி. கேரளம் 1969-இல் இயற்றிய ஆட்சிமொழிச் சட்டம், அங்கு வாழும் தமிழரும் கன்னடரும் தம் மொழியிலேயே அரசுடன் கடிதத்தொடர்பு கொள்ள இடம் வைத்திருக்கிறது. பத்து, நாற்பது, பதினைந்து: இவை ஒரு வகுப்பறையின், ஒரு நகராட்சியின் எண்கள். தாராவியிலோ பெங்களூரிலோ ஒரு தெருவில் உள்ள தமிழ்க் குடும்பங்கள் கணக்காளரிடம் சொல்லும் ஒரு சொல், ஓர் ஆசிரியர் அமர்த்தப்படுவாரா மாட்டாரா என்பதில் வந்து முடியலாம்.

எல்லைக்கோடு நீரையும் தொட்டது. அகத்தியமலையிற் பிறக்கும் நெய்யாற்றின் அணையிலிருந்து இடதுகரைக் கால்வாய் விளவங்கோட்டுப் பகுதிக்குச் செல்லுகிறது. அங்கே 9,200 ஏக்கர் நிலம் அந்நீரை நம்பி அமைந்தது. 2004-ஆம் ஆண்டோடு அந்நீர் நின்றது. 2012-இல் தமிழ்நாடு உச்சநீதிமன்றத்தை அணுகிற்று. திட்டம் வகுத்தபோது இருகரையும் ஒரே சமஸ்தானத்தார் என்பதால் அது எவருக்கும் பிறமாநிலத்து நீராகத் தோன்றியிராது. ஆண்டு வாரியாக அக்கால்வாயில் ஓடிய நீரின் அளவை ஒரு பட்டையாக வரைந்தால், மினார்டின் படை மெலிந்தது போல அதுவும் எல்லையண்டை மெலிந்து அறுந்துபோவதைக் காணலாம்.

குடிமதிப்புக் கணக்கு ஒன்றையும் தேடாமலே அமைக்கக்கூடிய படம் ஒன்றைச் சொல்லி முடிக்கிறோம். அது ஊர்ப்பெயர்களின் படம். குமரி மாவட்டத்தில் ‘விளை’ என்று முடியும் ஊர்களும் தோட்டங்களும் எண்ணிறந்தவை. மேட்டுநிலப் பயிர்த்தோட்டத்திற்கு அங்கே விளை என்று பெயர். நெய்யாற்றின்கரைப் பக்கத்திலும் அதே சொல் அதே பொருளில் ஊர்தோறும் கிடக்கிறது. மலையாள எழுத்தில் ‘விள’ என்று எழுதுகிறார்கள். அமரவிளை எல்லைக்கு அப்பால்; களியக்காவிளை இப்பால். எல்லைக்கோட்டை மறைத்துவிட்டு இப்பெயர்களை மட்டும் புள்ளிகளாக இட்டால், புள்ளிகள் இருபுறமும் கலந்து கிடக்கும். கோடு எங்கே போயிற்று என்று படத்தைப் பார்த்து ஒருவராலும் சொல்லமுடியாது. சாலையோரப் பலகைகளைப் படித்தால்தான் தெரியும்: இஞ்சிவிளையில் ஐகாரம் இல்லை, களியக்காவிளையில் இருக்கிறது.